பெரிய கேக்குக்கு எத்தனை பாக்கெட் கேக் மிக்ஸ் வாங்கணும்? டின்னிலிருந்து தொடங்கும் முழுக் கணக்கு

வீட்டில் கேக் செய்து விற்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் அவர்களுக்கு அடிக்கடி வரும் கேள்வி இதுதான். "12 இன்ச் கேக்குக்கு எத்தனை பாக்கெட் போடணும்க்கா?" பதிலாக ஒருத்தர் இரண்டு என்பார், இன்னொருத்தர் நாலு என்பார், இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் ஒருத்தர் மனதில் இருக்கும் பாக்கெட் வேறு, டின் வேறு, கேக்கின் உயரமும் வேறு. ஆம்பூர் பக்கம் பிரியாணி மாஸ்டரிடம் போய் 200 பேருக்கு என்று சொன்னால் அவர் முதலில் கேட்பது எத்தனை கிலோ அரிசி, எந்த தேக்‌ஷா என்பதைத்தான், மசாலா பாக்கெட் எத்தனை என்பது கடைசியில் தானாக வந்துவிடும். கேக்குக்கும் அதே வரிசைதான். டின் எவ்வளவு பிடிக்கும், அதில் எவ்வளவு நிரப்பணும், ஒரு பாக்கெட்டைக் கரைத்தால் எவ்வளவு பேட்டர், அதாவது கரைத்த கேக் மாவு, கிடைக்கும், இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் மிச்சம் வெறும் வகுத்தல் கணக்கு.

தேவையானவை ஒரு டிஜிட்டல் தராசு, மில்லிலிட்டர் கோடு போட்ட ஒரு ஜாடி, ஸ்கேல், ஒரு சின்ன டம்ளர். தராசு இல்லாமல் கப் கணக்கிலேயே பெரிய கேக் ஆர்டர் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது சரிப்படாது, காரணம் கீழே வருகிறது.

முதலில் உங்கள் கையில் இருப்பது எந்த பாக்கெட்?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் வீடுகளில் மூன்று வகை புழங்குகிறது. ஒன்று, வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வரும் அமெரிக்க கேக் மிக்ஸ். இரண்டாவது, இங்கேயே கிடைக்கும் 1 கிலோ முட்டையில்லா பிரீமிக்ஸ், ஹோம் பேக்கர்களில் பெரும்பாலோர் வாங்குவது இதுதான். மூன்றாவது, குக்கரில் வைத்துச் செய்யும் சின்ன பாக்கெட். இந்த மூன்றாவதைப் பெரிய கேக்குக்குத் தொடவே வேண்டாம், பத்துப் பதினைந்து பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டுவதற்குள் பாதி நாள் போய்விடும், விலையும் கட்டுப்படியாகாது.

அமெரிக்கப் பெட்டியில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். பல வருஷங்களுக்கு முன்னால் அந்தப் பெட்டிகள் 18.25 அவுன்ஸ், அதாவது 517 கிராம் இருந்தன. பிறகு 15.25 அவுன்ஸாக, 432 கிராமாகக் குறைத்தார்கள். இப்போது 13.25 அவுன்ஸ், 375 கிராம் பெட்டிகளும் வருகின்றன. பெட்டியின் வெளி அளவு பார்க்க ஏறக்குறைய அப்படியே இருக்கும், உள்ளே மாவுதான் இளைத்துப் போயிருக்கும். இணையத்தில் சுற்றும் "ஒரு பெட்டிக்கு 5 கப், ஐந்தரை கப் பேட்டர்" என்கிற கணக்கெல்லாம் அந்த 517 கிராம் காலத்தது. அதை நம்பி இன்றைய பெட்டியை வாங்கினால் கடைசி டின்னுக்கு பேட்டர் போதாது. ஆகவே பெட்டியின் முன்பக்கம் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நிகர எடையை முதலில் பாருங்கள்.

இப்போது 432 கிராம் பெட்டியைக் கரைத்தால் என்ன கிடைக்கும் என்று கூட்டிப் பார்ப்போம். மிக்ஸ் 432 கிராம், தண்ணீர் 1 கப் 240 கிராம், எண்ணெய் அரை கப் சுமார் 110 கிராம், 3 முட்டை ஓடு நீக்கி 150 கிராம். மொத்தம் 930 கிராம் சொச்சம். பீட்டரில் அடிக்கும்போது காற்று ஏறுவதால் அளவில் இது ஏறக்குறைய 1 லிட்டர், நாலு கப்புக்குக் கொஞ்சம் மேலே. எண்ணெய் சில பெட்டியில் அரை கப்பைவிடக் குறைவாகச் சொல்லியிருப்பார்கள், அதனால் 20, 30 கிராம் இப்படி அப்படி வரும், பரவாயில்லை. ஒரு பெட்டி ஒரு லிட்டர் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

நம்மூர் 1 கிலோ பிரீமிக்ஸ் கணக்கு இன்னும் சுலபம், முட்டையே கிடையாது. தண்ணீரும் எண்ணெயும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பாக்கெட்டின் பின்னால் போட்டிருப்பதைத்தான் பின்பற்றணும், ஆனால் பொதுவாகத் தண்ணீர் 450 முதல் 500 கிராம், எண்ணெய் 100 கிராம் பக்கம் இருக்கும். கூட்டினால் 1.55 முதல் 1.6 கிலோ பேட்டர். அதாவது ஒன்றரை லிட்டருக்கு மேல், 1.7 லிட்டருக்குள்.

உங்கள் மிக்ஸ் வேறு என்றாலும் வழி இதேதான். உள்ளே போகும் எல்லாவற்றின் எடையையும் கூட்டுங்கள். சட்டியில் போட்டது காற்றில் எங்கும் போகாது, பேட்டரின் எடை அதுதான்.

டின் எவ்வளவு பிடிக்கும் என்று தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

கடையில் 12 இன்ச் என்று சொல்லிக் கொடுக்கும் டின் உண்மையில் 12 இன்ச்தானா என்பதே முதல் சந்தேகம். லாங் பஜார் பாத்திரக் கடையில் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, சிலதில் வெளி விளிம்போடு சேர்த்து 12 இருக்கும், சிலதில் மேல்வாய் 12, அடிப்பக்கம் பதினொன்றரை இருக்கும். உயரமும் 2 இன்ச், இரண்டரை, 3 என்று விதவிதமாக வரும். ஸ்கேலை உள்ளே வைத்து அளந்து பார்ப்பது ஒரு வழி. தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது அதைவிட நல்ல வழி, ஏனென்றால் இதய வடிவம், எண் வடிவம், பொம்மைப் பாவாடை டின் எதுவானாலும் அது பொய் சொல்லாது.

டின்னைத் தராசில் வைத்து பூஜ்யமாக்குங்கள், விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள், எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லிலிட்டர். தராசு 5 கிலோ வரைதான் தாங்கும் என்றால் பெரிய டின்னுக்கு ஜாடியால் அளந்து ஊற்றுங்கள். அடி கழலும் டின்னாக இருந்தால் உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரை விரித்துப் படிய வைத்து அதற்குள் ஊற்றணும், இல்லாவிட்டால் சமையல் மேடை முழுக்கத் தண்ணீர்தான். அளந்ததும் டின்னின் அடியில், வெளிப்பக்கம், ஆணியால் கீறியோ மார்க்கரால் எழுதியோ வைத்துவிடுங்கள், ஒவ்வொரு ஆர்டருக்கும் திரும்ப அளக்க வேண்டாம். மார்க்கர் ஓவன் சூட்டில் மங்கிவிடும், கீறினால் நிற்கும்.

தண்ணீர் ஊற்ற இஷ்டமில்லை என்றால் கணக்குப் போடலாம். எல்லாவற்றையும் சென்டிமீட்டரில் எடுங்கள், ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, உயரத்தால் பெருக்கினால் விடை நேரே மில்லிலிட்டரில் வரும். சதுர டின்னுக்கு நீளம், அகலம், உயரம் பெருக்கினால் முடிந்தது. 2 இன்ச் உயர டின்களுக்கு நான் போட்டு வைத்திருக்கும் கணக்கு இது, முதல் எண் விளிம்பு வரை, இரண்டாவது பாதி வரை:

வட்டம் 6 இன்ச்: 925 மி.லி., பாதி 460
வட்டம் 7 இன்ச்: 1,260, பாதி 630
வட்டம் 8 இன்ச்: 1,650, பாதி 825
வட்டம் 9 இன்ச்: 2,085, பாதி 1,040
வட்டம் 10 இன்ச்: 2,575, பாதி 1,290
வட்டம் 12 இன்ச்: 3,700, பாதி 1,850
வட்டம் 14 இன்ச்: 5,045, பாதி 2,520
வட்டம் 16 இன்ச்: 6,590, பாதி 3,300
சதுரம் 8 இன்ச்: 2,100, பாதி 1,050
சதுரம் 10 இன்ச்: 3,280, பாதி 1,640
சதுரம் 12 இன்ச்: 4,720, பாதி 2,360
12க்கு 18 ட்ரே: 7,080, பாதி 3,540

இதில் 8 இன்ச் வட்டத்தையும் 12 இன்ச் வட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 8லிருந்து 12க்குப் போனால் ஒன்றரை மடங்கு பேட்டர் போதும் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். உண்மையில் இரண்டேகால் மடங்கு வேண்டும். டின் அகலமாகும்போது இரண்டு பக்கமும் சேர்ந்து விரிகிறது, அதனால்தான். 8லிருந்து 16க்குப் போனால் நாலு மடங்கு. பெரிய ஆர்டரில் பேட்டர் பற்றாமல் போவதற்குப் பாதிக் காரணம் இந்த ஒரு விஷயம்தான். இன்னொன்று, அதே 12 இன்ச்சில் சதுர டின் வட்ட டின்னைவிட கால் பங்குக்கும் மேலே அதிகம் பிடிக்கும். வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் "வட்டம் வேணாம், சதுரமா பண்ணிடுங்க" என்று சொன்னால் விலையையும் மாற்றிச் சொல்ல வேண்டியதுதான்.

பெட்டி சொல்லும் கணக்கு ஏன் நமக்கு உதவாது

அமெரிக்கப் பெட்டியின் பின்னால் "8 இன்ச் வட்டம் 2" என்றோ "9க்கு 13 ட்ரே ஒன்று" என்றோ போட்டிருக்கும். அது பொய் இல்லை. ஆனால் மேலே இருக்கும் பட்டியலைப் பாருங்கள், 1 லிட்டர் பேட்டரை இரண்டு 8 இன்ச் டின்னில் பிரித்தால் ஒன்றுக்கு 500 மி.லி., டின்னின் மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பாது. 9க்கு 13 ட்ரே முழுசாக 3,800 மி.லி. பிடிக்கும், அதில் 1 லிட்டர் ஊற்றினால் கால் பங்குதான். வெந்து வரும் கேக் தட்டையாக, ஒன்றேகால் இன்ச் பக்கம் இருக்கும். வீட்டில் வெட்டி காபியோடு சாப்பிட அது தாராளம். மேடையில் வைத்துப் படம் எடுக்கும் அடுக்குக் கேக்குக்கு அந்த உயரம் போதாது, ஒரு அடுக்கு ஏறக்குறைய 2 இன்ச் இருந்தால்தான் இரண்டு அடுக்கும் கிரீமும் சேர்ந்து 4 இன்ச் வரும். ஆகவே "பெட்டியில் 8 இன்ச்சுக்கு ஒன்று போட்டிருக்கு, அப்போ 16 இன்ச்சுக்கு நாலு" என்று பெருக்கிக்கொண்டே போனால் தட்டைக் கேக்கையே பெரிசாக்குகிறீர்கள் என்று அர்த்தம்.

எவ்வளவு நிரப்புவது?

10 இன்ச்சும் அதற்கு மேலும் பாதி. 6, 7 இன்ச் மாதிரி சின்ன டின்னில் மூன்றில் இரண்டு பங்கு வரை போகலாம். 8ம் 9ம் நடுவில், பாதிக்குக் கொஞ்சம் மேலே. பெரிய டின்னில் ஏன் குறைக்கிறோம் என்றால் ஓரம் வெந்து நின்ற பிறகும் நடுப்பகுதி பொங்கிக்கொண்டே இருக்கும், மூன்றில் இரண்டு பங்கு ஊற்றினால் நடுவில் மேடாகி வெடிக்கும், அந்த மேட்டைச் சீவித் தள்ளணும், சீவினதெல்லாம் காசு. 3 இன்ச் உயர டின்னிலும் பாதி வரைதான், ஆனால் அந்தப் பாதி ஒன்றரை இன்ச் என்பதால் மேலே பட்டியலில் இருக்கும் பாதி எண்ணை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். முட்டையில்லா பிரீமிக்ஸ் சிலது முட்டைக் கேக் அளவுக்குப் பொங்காது, புது பிராண்ட் வாங்கினால் முதலில் ஒரு 6 இன்ச் போட்டு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டு ஆர்டரில் கை வைப்பது நல்லது.

டம்ளர் சோதனை

இதுவரை டின் மில்லிலிட்டரிலும் பேட்டர் கிராமிலும் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் பாலம் ஒரு சின்ன டம்ளர். ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தராசில் வைத்து பூஜ்யமாக்கி, விளிம்பு தட்டத் தண்ணீர் ஊற்றி எடை பாருங்கள், 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரைக் கொட்டித் துடைத்து, அதே டம்ளரில் அடித்து முடித்த பேட்டரை விளிம்பு வரை ஊற்றி, கத்தியால் மேலே வழித்துவிட்டு எடை போடுங்கள். 190 கிராம் வந்தால் உங்கள் பேட்டர் தண்ணீரில் 0.95 பங்கு எடை. 12 இன்ச் டின்னுக்கு 1,850 மி.லி. வேண்டும் என்றால் 1,850ஐ 0.95ஆல் பெருக்கி 1,760 கிராம் பேட்டரை எடை போட்டு ஊற்றினால் சரியாகப் பாதி நிற்கும். டம்ளரில் ஊற்றியதைத் திரும்ப சட்டியில் கொட்டிவிடலாம், எதுவும் வீணாகாது.

பெட்டி மிக்ஸ் பேட்டர் பெரும்பாலும் 0.9க்கும் 1.0க்கும் நடுவில்தான் இருக்கும். அதிக நேரம் அடித்தால் இறங்கும், சும்மா கரண்டியால் கலக்கினால் ஏறும். ஒரு மிக்ஸுக்கு ஒரு தடவை பார்த்து எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

எடை போட்டு ஊற்றுவதில் இன்னொரு லாபம், இரண்டு டின்னிலும் ஒரே எடை போட்டால் இரண்டு அடுக்கும் ஒரே உயரத்தில் வரும். கப்பால் அளந்தால் இது நடக்காது. அமெரிக்கக் கப் 237 மி.லி., இங்கே விற்கும் கப் செட்டில் 240ம் உண்டு, 250ம் உண்டு. ஒரு கேக்கில் இந்த வித்தியாசம் தெரியாது. எட்டுப் பெட்டிக்குத் தண்ணீர் அளக்கும்போது 13 மி.லி. வித்தியாசம் 100 மி.லி.க்கு மேல் போய்விடும்.

முட்டையும் அப்படித்தான். அந்தப் பெட்டிகள் சொல்லும் 3 முட்டை அமெரிக்கப் பெரிய சைஸ், ஓடு நீக்கி ஒன்று 50 கிராம். நமக்கு வரும் நாமக்கல் முட்டை பல சமயம் ஓடு நீக்கி 45 கிராம் பக்கம்தான் நிற்கும். ஒரு பெட்டிக்கு 15 கிராம் குறைவது பெரிய விஷயமில்லை, எட்டுப் பெட்டிக்கு 120 கிராம், கிட்டத்தட்ட மூன்று முட்டை குறைகிறது. எண்ணிக்கையை விட்டுவிட்டு, உடைத்து ஊற்றி, பெட்டிக்கு 150 கிராம் என்று எடை போட்டு எடுங்கள்.

ஒரு ஆர்டரை முழுசாகப் போட்டுப் பார்ப்போம்

குடியாத்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம், 100 பேர், மூன்று தட்டுக் கேக் வேண்டும் என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 12, 9, 6 இன்ச் வட்டம், ஒவ்வொரு தட்டிலும் இரண்டு அடுக்கு, டின் எல்லாம் 2 இன்ச் உயரம். விருந்துத் துண்டு 1 இன்ச்சுக்கு 2 இன்ச், முழு உயரத்துக்கு வெட்டினால் 12 இன்ச்சில் 56, 9 இன்ச்சில் 32, 6 இன்ச்சில் 12 துண்டு, சரியாக 100 வருகிறது. நம்மூரில் சாப்பாட்டுக்கு முன்னால் பேப்பர் தட்டில் மிக்சரோடு கொடுக்கும் துண்டு இதைவிடப் பெரிசாக இருக்காது, அதனால் இந்தக் கணக்கு ஒத்துவரும். பிறந்தநாள் மாதிரி பெரிசாக வெட்டுவார்கள் என்றால் பாதிப் பேருக்குத்தான் வரும், முன்பே கேட்டுவிடுங்கள்.

பேட்டர் எவ்வளவு? 12 இன்ச் பாதி 1,850, இரண்டு அடுக்குக்கு 3,700. 9 இன்ச்சையும் பாதியாகவே வைத்தால் 1,040, இரண்டுக்கு 2,080. 6 இன்ச்சை மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் 620, இரண்டுக்கு 1,240. கூட்டினால் 7 லிட்டர் சொச்சம். 0.95ஆல் பெருக்கினால் 6.7 கிலோ. இதோடு சட்டியிலும் ஸ்பாட்டுலாவிலும் ஒட்டிக்கொண்டு போவதற்கு ஏழெட்டு சதவீதம் சேர்த்தால் 7.2 கிலோ. அமெரிக்கப் பெட்டி ஒன்றுக்கு 930 கிராம் என்பதால் 7.7, அதாவது 8 பெட்டி. நம்மூர் பிரீமிக்ஸ் என்றால் 1.6 கிலோவால் வகுத்து 4.5, ஆகவே 5 பாக்கெட் வாங்கி நாலரையைக் கரைத்து அரையைப் பத்திரமாக மூடி வைக்கலாம். அரை பாக்கெட்டை எடுக்கும்போது குத்துமதிப்பாகக் கொட்டாமல் 500 கிராம் எடை போட்டு எடுங்கள், தண்ணீரும் எண்ணெயும் அதே விகிதத்தில் பாதி.

இங்கே ஆர்டர் பெரும்பாலும் இன்ச்சில் வராது, கிலோவில்தான் வரும். "5 கிலோ கேக், பிளாக் ஃபாரஸ்ட்" என்பார்கள். அந்த 5 கிலோவில் கிரீம், சர்க்கரை சிரப், செர்ரி, சாக்லேட் எல்லாம் சேர்த்தி. விப்பிங் கிரீம் கேக்குக்கு நான் பாதி எடையை ஸ்பாஞ்சுக்கு வைக்கிறேன், அதாவது இரண்டரை கிலோ. வேகும்போது தண்ணீர் ஆவியாகிப் பத்து சதவீதம் பக்கம் எடை இறங்கும், ஆகவே டின்னுக்குள் போக வேண்டிய பேட்டர் 2.8 கிலோ, ஒட்டல் சேர்த்து 3 கிலோ. 1 கிலோ பிரீமிக்ஸ் இரண்டு பாக்கெட் போட்டால் 3.2 கிலோ கிடைக்கும், கச்சிதமாகப் போதும். 10 இன்ச் டின்னில் மூன்று அடுக்காக, ஒன்றுக்கு 930 கிராம் ஊற்றுங்கள். மேலே ஃபாண்டன்ட், அதாவது தகடாகத் தேய்த்த சர்க்கரை மாவு, போர்த்துவது என்றால் அதன் எடையே கணிசமாக வரும், ஸ்பாஞ்ச் பங்கு பாதிக்கும் கீழே போகும். 5 கிலோ என்று பேசிவிட்டு முழுக் கனத்தையும் ஃபாண்டன்டில் ஏற்றுகிற கடைகளும் உண்டு, நாம் அப்படிச் செய்ய வேண்டாம்.

மிஞ்சும் பேட்டரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கப் கேக் காகிதத்தில் ஒன்றுக்கு 40 முதல் 45 கிராம் ஊற்றலாம். காகிதம் இல்லையென்றால் குழிப்பணியாரச் சட்டியில் நெய் தடவி, சிம்மில் வைத்து, மூடி போட்டு எடுத்தால் பிள்ளைகளுக்கு ஆச்சு. குறைவாகக் கரைத்துவிட்டு கடைசியில் தவிப்பதற்கு நூறு இருநூறு கிராம் மிஞ்சுவது எவ்வளவோ மேல், ஏனென்றால் நடுவில் இன்னொரு பாக்கெட்டைப் பிரித்துக் கரைத்து அரை நிரம்பிய டின்னின் மேல் ஊற்றினால் இரண்டும் வேறு வேறு பதத்தில் வெந்து நடுவில் கோடு விழும்.

கரைப்பதும் ஓவனும்

7 கிலோ பேட்டரை ஒரே சட்டியில் கரைக்க நினைக்காதீர்கள். வீட்டு மிக்சரில், ஹேண்ட் பீட்டரில், இரண்டு அமெரிக்கப் பெட்டி அல்லது ஒரு கிலோ பிரீமிக்ஸ்தான் ஒரு தடவைக்கு ஒழுங்காகக் கலக்கும், அதற்கு மேல் போனால் அடியில் மாவு கட்டி கட்டியாக நிற்கும், அதைக் கரைக்க அடித்துக்கொண்டே இருந்தால் கேக் ரப்பராகிவிடும். ஒவ்வொரு டின்னுக்கும் எவ்வளவு வேண்டுமோ அந்த அளவைக் கரைத்து, ஓவனில் ஏற்றிவிட்டு அடுத்ததைக் கரையுங்கள். மிக்ஸில் இருக்கும் பேக்கிங் பவுடர் தண்ணீர் பட்டதுமே வேலையை ஆரம்பித்துவிடும், மிச்சம் ஓவன் சூட்டில் நடக்கும். ஏப்ரல், மே மாதம் வேலூர் வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும்போது சமையலறையில் கரைத்து வைத்த பேட்டர் ஒரு மணி நேரம் காத்திருந்தால் மேலே குமிழி குமிழியாக வந்து அடங்கிப் போயிருக்கும், அது அப்புறம் எழும்பாது. அந்த மாதங்களில் விடியற்காலையிலேயே அடுப்படி வேலையை முடிப்பவர்கள் புத்திசாலிகள். கரைக்கும் தண்ணீரைக் குளிர்ந்ததாக எடுத்துக்கொண்டாலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

அதோடு மின்வாரியம் அறிவிக்கும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் ஏரியாவுக்கு என்றைக்கு என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். 12 இன்ச் டின் பாதி வெந்திருக்கும்போது கரண்ட் போனால் அந்தக் கேக்கைக் காப்பாற்ற வழியே இல்லை.

ஓவன் கொள்ளுமா என்பதை ஆர்டர் எடுக்கும் முன்னால் பார்க்கணும். 28, 30 லிட்டர் ஓடிஜியில், அதாவது வீட்டு மின்சார ஓவனில், 10 இன்ச் டின் போவதே பெரிசு. உள்ளே நீளத்தையும் ஆழத்தையும் ஸ்கேலால் அளந்து, டின்னைச் சுற்றி நாலு பக்கமும் ஒரு இன்ச்சாவது காற்று போக இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் இல்லை என்றால் 12க்கு 18 ட்ரேக்குப் பதிலாக 9க்கு 12 ட்ரேயை இரண்டு முறை சுட்டு, ஓரத்தைச் சீவி, கிரீம் தடவி ஒட்டிவிடலாம். பேட்டர் கணக்கு மாறாது, ஒரு ட்ரேக்கு 1,770 மி.லி., இரண்டுக்கும் சேர்த்து அதே 3,540. ஐசிங் போட்ட பிறகு கோடு யாருக்கும் தெரியாது. தெரிந்த பேக்கரியில் கேட்டு அவர்கள் ஓவனில் சுட்டு வாங்கி வருவதும் உண்டு, அப்படிச் செய்தால் பேட்டரைக் கரைத்து எடுத்துக்கொண்டு போகாதீர்கள், சாமானோடு போய் அங்கேயே கரையுங்கள்.

சூடு பற்றிச் சுருக்கமாக. சின்ன கேக்குக்கு 175, 180 டிகிரி வைப்பவர்கள் 12 இன்ச்சுக்கு 160க்கு இறக்குங்கள். பழைய காட்டன் துணியை நீளமாகக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, டின்னைச் சுற்றிக் கட்டி ஊக்கு குத்தினால் ஓரம் சீக்கிரம் வேகாமல் நடுவோடு சேர்ந்து வேகும், மேடும் குறையும், சீவித் தள்ளும் கேக்கும் மிச்சம். துணி முனை ஹீட்டர் கம்பியில் படாமல் பார்த்துக்கொள்ளணும். 40 நிமிடத்துக்குப் பிறகு குச்சி குத்திப் பார்க்க ஆரம்பிக்கலாம், அதற்கு முன்னால் கதவைத் திறக்க வேண்டாம்.

பாக்கெட்டை நீட்டிக் கரைப்பது

ஒரு பெட்டியோடு 1 கப் மைதா, 1 கப் சர்க்கரை, 1 கப் புளிக்காத கெட்டித் தயிர், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் பேட்டர் ஒன்றரை மடங்கு ஆகும், ஸ்பாஞ்சும் கொஞ்சம் கனமாக, அடுக்கு தாங்குகிற மாதிரி வரும். அமெரிக்காவில் இதற்கு சவர் கிரீம் போடுவார்கள், இங்கே துணியில் வடிகட்டிய தயிர் அந்த வேலையைச் செய்கிறது. மூன்று தட்டுக் கேக்கில் அடித்தட்டுக்கு இது ரொம்பவே பொருத்தம். எடைக் கணக்கில் மைதா 125, சர்க்கரை 200, தயிர் 240, ஆக 565 கிராம் கூடுகிறது, ஒரு பெட்டி 930லிருந்து 1.5 கிலோவுக்குப் போகிறது. மேலே சொன்ன எட்டுப் பெட்டி ஆர்டர் ஐந்து பெட்டியில் முடிந்துவிடும். நம்மூர் முட்டையில்லா பிரீமிக்ஸில் இதைச் செய்யாதீர்கள், அதில் எழும்பும் பவுடரும் மாவும் வேறு கணக்கில் கட்டியிருப்பார்கள், மைதா கூட்டினால் அமுங்கிப் போகும்.

பழைய 517 கிராம் பெட்டிக்கு எழுதிய செய்முறை ஒன்று பிடித்துப்போய் அதையே செய்யணும் என்றால், 432 கிராம் பெட்டியோடு இன்னொரு பெட்டியிலிருந்து 85 கிராம் எடுத்துச் சேருங்கள். ஒரு பெட்டியைப் பிரித்து வைத்தால் ஐந்து கேக்குக்கு இப்படி ஈடு கட்டலாம். பிரித்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கணும், இந்த ஊர் சூட்டில் வெளியே வைத்தால் எழும்பும் சக்தி போய்விடும். ரொம்ப நாள் கிடந்த பெட்டி என்று சந்தேகம் வந்தால் இரண்டு ஸ்பூன் மிக்ஸைக் கரைத்து ஒரே ஒரு கப் கேக் சுட்டுப் பாருங்கள், அது எழும்பாவிட்டால் மற்றதும் எழும்பாது.

கடைசியாகப் பெட்டியின் பின்னால் உயரமான இடங்களுக்கு என்று தனியாகச் சில வரி இருக்கும், 3,500 அடிக்கு மேலே என்று போட்டு மாவும் தண்ணீரும் கொஞ்சம் கூட்டச் சொல்வார்கள். வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் சொச்சம்தான், அதைப் படிக்கவே வேண்டாம். ஏலகிரியில் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் ஒரு வீட்டில் உட்கார்ந்து சுடப்போகிறீர்கள் என்றால் மட்டும் அந்த வரியைப் படித்துக்கொள்ளுங்கள், கூட்டும் மாவையும் தண்ணீரையும் எடைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள், டின்னையும் பாதிக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்துங்கள், மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் கீழே எழும்புவதைவிடக் கூடுதலாக எழும்பும்.